விண்ணப்பித்தால்தான் மண் சொந்தமா?
ஹவாய்க் கடலோரக் குலெயானாக் காணிகளும் வரிச்சலுகை என்னும் கண்கட்டும்

ஹவாய்த் தீவுகளின் கடலோரத்தில் ஒரு குடும்பம் ஐந்தாறு தலைமுறைகளாக ஒரு சிறு காணியை வைத்திருக்கிறது. அதில் சேம்பு பயிரிடுகிறது. அதன் ஓரத்துக் கடலில் மீன் பிடிக்கிறது. அதிலேயே தன் முன்னோரைப் புதைத்திருக்கிறது. அக்காணியை விற்கும் எண்ணம் அக்குடும்பத்துக்கு என்றுமே இருந்ததில்லை. ஆனால் அடுத்த வளவைப் பெருஞ்செல்வர் ஒருவர் பல மில்லியன் டொலர் கொடுத்து வாங்குகிறார். மறு ஆண்டு வரி மதிப்பீட்டு அலுவலகத்திலிருந்து கடிதம் வருகிறது. "உமது நிலத்தின் சந்தைப் பெறுமதி உயர்ந்துவிட்டது, ஆகவே உமது வரியும் உயர்கிறது" என்பது அதன் சாரம். அக்குடும்பத்தின் வருமானத்தில் ஒரு காசும் கூடவில்லை. நிலத்தில் ஒரு பிடி சேம்பும் அதிகமாக விளையவில்லை. அயலவர் கொடுத்த விலைக்கு இவர்கள் வரி செலுத்த வேண்டுமாம்!

இதற்குத்தான் பரிகாரம் இருக்கிறதே என்கிறார்கள். ஆம், இருக்கிறது. 2007ஆம் ஆண்டு ஹொனலூலு கவுண்டி அரசு குலெயானா நிலங்களுக்கெனத் தனி வரிவகைப்பாட்டைச் சட்டமாக்கியது. அவ்வகைக்குள் வரும் நிலத்துக்கு அக்கவுண்டியின் குறைந்தபட்ச வரி மட்டுமே. தொடக்கத்தில் ஆண்டுக்கு 100 டொலராக இருந்தது பின்னர் 300 டொலராயிற்று. ஹவாயின் மற்றைய கவுண்டிகளான மாவி, கவாய், ஹவாய் ஆகியவற்றிலும் இதையொத்த சட்டங்கள் உண்டு, நிபந்தனைகள்தாம் வேறுபடுகின்றன. நல்ல சட்டம் என்பதில் ஐயமில்லை. அதை இயற்றப் பாடுபட்டவர்களைக் குறைகூறுவதும் நமது நோக்கமன்று. ஆனால் அச்சட்டம் எவருக்காக இயற்றப்பட்டதோ அவருள் எத்தனை பேரின் கைக்கு அது எட்டும் என்ற வினாவை எழுப்பாமல் இருக்க முடியவில்லை. ஏனெனில் இச்சலுகை தானாக வருவதில்லை. விண்ணப்பிக்க வேண்டும், விண்ணப்பித்து, தாம் இன்னார் வழித்தோன்றல் என்பதை எண்பிக்கவும் வேண்டும். இம்மக்கள் தம் மண்ணை முதன்முதலில் இழந்ததே ஒரு விண்ணப்பப் படிவத்தால்தான் என்பதை அறிந்தவர்க்கு இதன் கசப்பு புரியும்.

சற்று விரிவாகவே சொல்லவேண்டிய வரலாறு இது.

பழைய ஹவாயில் நிலம் எவருக்கும் தனியுடைமையாக இருந்ததில்லை. மலையுச்சியிலிருந்து கடலின் பவளப்பாறை வரை நீளும் அஹுபுவாஆ என்னும் நிலப்பிரிவில் குடிமக்கள் உழைத்து, மலைமரத்தையும் ஆற்றுநீரையும் கடல்மீனையும் பகிர்ந்துண்டு வாழ்ந்தனர். நிலத்துக்கு அவர்கள் மொழியில் ஆயினா என்று பெயர். உண்பிப்பது என்பது அதன் பொருள். சேம்பு அவர்களுக்கு வெறும் கிழங்கன்று. புதைக்கப்பட்ட முதற்குழந்தையின் உடலிலிருந்து முளைத்த சேம்பே தம் இனத்தின் மூத்த அண்ணன் என்பது அவர்களின் தொன்மம்.

மேலைநாட்டார் வருகையும் அவர்கள் கொண்டுவந்த கொள்ளைநோய்களும் அந்த ஒழுங்கைக் குலைத்தன. அயல்நாட்டு ஆலோசகர்களின் அழுத்தத்தின் கீழ் மூன்றாம் கமேஹமேஹா மன்னர் 1845 டிசெம்பரில் நில ஆணைக்குழு ஒன்றை அமைத்தார். நில உரிமை கோருவோர் 1848 பெப்ரவரி 14ஆம் நாளுக்குள் எழுத்தில் கோரிக்கை தாக்கல் செய்யவேண்டும் என்று விதிக்கப்பட்டது. 1848இல் நடந்த மாஹெலே என்னும் பெரும்பங்கீட்டில் மன்னர், தலைவர்கள், அரசு என்ற முத்தரப்புக்கும் நாடு பிரிக்கப்பட்டது. உழுத குடிகளுக்கு? 1850 யூலை 10ஆம் நாள் வெளிநாட்டார் நிலம் வாங்கலாம் என்ற சட்டம் வந்தது. அதற்குப் பின்னரே, 1850 ஓகஸ்ட் 6ஆம் நாள், குடிகளுக்கான குலெயானாச் சட்டம் வந்தது. வரிசையைக் கவனியுங்கள்: வந்தவனுக்கு முன், இருந்தவனுக்குப் பின்.

இதைவிடக் கொடுமை ஒன்றுண்டு. 1850இல் கிடைத்த முழுவுரிமையைப் பெறுவதற்கு 1848 பெப்ரவரியிலேயே கோரிக்கை கொடுத்திருக்க வேண்டும்! சட்டம் பிறக்குமுன்பே அதன் வாயில் அடைபட்டுவிட்டது. தலைவர்களுக்குப் பின்னாளில் மீண்டும் மீண்டும் காலநீட்டிப்பு வழங்கப்பட்டது. குடிகளுக்கு, ஏற்கெனவே கொடுத்த கோரிக்கையை மெய்ப்பிக்க மட்டுமே கூடுதல் அவகாசம் கிடைத்தது. புதிதாகக் கோர இல்லை. கோரியவர்களும் நில அளவைக்குத் தம் கையிலிருந்து பணம் கட்டவேண்டும். தாம் அந்நிலத்தில் பயிரிட்டதற்குச் சாட்சிகளைக் கொண்டுவர வேண்டும். அந்தச் சாட்சிகளையும் 1848-49இல் தட்டம்மையும் 1853இல் பெரியம்மையும் வாரிக்கொண்டு போயின. ஈற்றில் குடிகளுக்குக் கிடைத்தது ஏறத்தாழ 28,600 ஏக்கர். நாற்பது இலட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட தீவுகளில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு.

அந்த ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான மண்ணில் இன்றும் வழித்தோன்றல்களின் கையில் எஞ்சியிருப்பதன் மீதுதான் இப்போது சந்தைப்பெறுமதி வரி விழுகிறது.

எஞ்சாமற் போனதில் பெரும்பகுதி எப்படிப் போனது என்பதும் தெரிந்த கதையே. கரும்புத் தோட்டக் கம்பனிகள் குலெயானாத் துண்டுகளைச் சுற்றியிருந்த நிலத்தையெல்லாம் வாங்கின. துண்டுகளுக்குள்ளும் கரும்பு நட்டன. ஆண்டுகள் பல கழிந்தபின் "நீண்டகாலமாக நாங்களே அனுபவித்து வருகிறோம்" என்று நீதிமன்றத்தில் உரித்து வாங்கின. 1978இல் ஹவாய் அரசியலமைப்பு திருத்தப்பட்டு அவ்வகை அனுபவபாத்தியதைக் கோரிக்கை ஐந்து ஏக்கருக்கு மேற்படக்கூடாது என்று வரையறுக்கப்பட்டது. நல்ல திருத்தம்தான். ஆனால் குலெயானாக் காணிகளிற் பெரும்பாலானவை ஐந்து ஏக்கரை எட்டுவதே இல்லை!

இனி, இன்றைய விண்ணப்பத்துக்கு வருவோம். வரிச்சலுகை வேண்டுவோர், மூல உரித்தைப் பெற்றவரின் நேர்வழித் தோன்றல் தாம் என்பதை நிறுவவேண்டும். அதை ஹவாய் அலுவல்கள் பணியகம் சரிபார்க்க வேண்டும், அல்லது நீதிமன்றக் கட்டளை வேண்டும். பேரன், மகன், தந்தை, பாட்டன் என ஒவ்வொரு படிக்கும் பிறப்பு, திருமண, இறப்புச் சான்றுகள் தேவை. 1850இல் உரித்துப் பெற்ற மனிதருக்குக் குடும்பப் பெயரே கிடையாது, ஒற்றைப் பெயர்தான். குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற சட்டமே 1860இல்தான் வந்தது. ஒரே பெயரில் ஒரே ஊரில் இருவர் மூவர் இருந்திருப்பர். இதற்குமேல் ஹானாய் என்றொரு வழக்கம் அவர்களிடம் உண்டு. பெற்றோர் தம் பிள்ளையைப் பாட்டியிடமோ உறவினரிடமோ கொடுத்து வளர்க்கச் செய்வர், வளர்த்தவரே பெற்றோர் ஆவர். ஊரறிந்த அவ்வுறவு பெரும்பாலும் எந்தப் பதிவேட்டிலும் ஏறியதில்லை. பதிவேட்டில் ஏறாததைப் படிவம் எப்படி அறியும்?

யாழ்ப்பாணத்தில் ஒல்லாந்தர் எழுதிவைத்த தோம்பு என்னும் காணிப் பதிவேட்டைக் கேள்விப்பட்டவர்கள் நம்மிடையே உண்டு. மூன்று தலைமுறைக்கு முந்திய உறுதியைத் தேடிக் கச்சேரிக்கும் நொத்தாரிசு வீட்டுக்கும் அலைந்த பெரியவர்கள் பலர் குடும்பங்களில் இருந்திருப்பர். பிரிக்கப்படாத காணியில் பன்னிரண்டில் ஒரு பங்கு தமக்கு உண்டு என்று தெரிந்தும், அந்தப் பங்கு எந்த வேலியிலிருந்து எந்த வேலிவரை என்று தெரியாமலே வெளிநாட்டில் கண்மூடியவர்களும் இருந்திருப்பர். அப்படிப்பட்ட நமக்கு, ஹவாய்க் குடும்பம் ஒன்றின் நூற்றுக்கணக்கான பங்காளிகளுக்குச் சொந்தமான இரண்டு ஏக்கர் எப்படி இருக்கும் என்று யாரும் விளக்கவேண்டியதில்லை.

அந்தப் பங்காளிகள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? 2020ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கெடுப்பின்படி ஹவாய்ப் பூர்வகுடி மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஹவாய்க்கு வெளியே வாழ்கின்றனர். வீட்டு வாடகையும் வாழ்க்கைச் செலவும் துரத்த, கலிபோர்னியாவுக்கும் நெவாடாவுக்கும் வாசிங்டன் மாநிலத்துக்கும் குடிபெயர்ந்தவர்கள் அவர்கள். லாஸ் வேகாஸ் நகரை "ஒன்பதாவது தீவு" என்று அவர்களே கசப்பும் சிரிப்புமாக அழைக்கின்றனர். சொந்த நாட்டிலேயே புலம்பெயர்ந்தோர்! இவர்களில் பலருக்குத் தமக்கொரு பங்கு இருப்பதே தெரியாது. தெரியாதவர் எப்படி விண்ணப்பிப்பார்? செப்டெம்பர் 30க்குள் படிவம் கொடுக்கவேண்டும் என்ற ஹொனலூலு விதி லாஸ் வேகாஸ் விடுதியில் இரவுப்பணி செய்யும் ஒருவரின் காதுக்கு எவ்வழியாக எட்டும்?

ஆனால் நிலத்தைப் பிடுங்க வருபவருக்கு அவர்களைக் கண்டுபிடிக்க வேண்டிய கட்டாயம்கூட இல்லை. உரித்துத் தெளிவு வழக்கு என்றொன்று தொடுப்பார். முகவரி தெரியாத பங்காளிகளுக்கு நாளேட்டில் அறிவித்தல் போட்டாற் போதும். அதற்கு மறுமொழி சொல்லாதவரின் பங்கு கரைந்துபோகும். 2014இல் கவாய்த் தீவின் வடகரையில் ஏறத்தாழ 700 ஏக்கரை வாங்கிய முகநூல் நிறுவனர் மார்க் சக்கர்பேர்க்கின் சார்பில் 2016 டிசெம்பரில் இவ்வாறான எட்டு வழக்குகள் தொடுக்கப்பட்டன. அவரது வளவுக்குள் அங்குமிங்குமாகக் கிடந்த சிறு குலெயானாத் துண்டுகள் தொடர்பானவை அவை. ஊரெங்கும் எழுந்த எதிர்ப்பினால் 2017 சனவரியில் அவர் அவ்வழக்குகளிலிருந்து விலகினார். ஆனால் வழக்கு அத்துடன் ஓயவில்லை. உடன்பங்காளர் ஒருவர் தொடர்ந்து நடத்தினார். 2019 மார்ச்சில் அத்துண்டுகள் நீதிமன்ற ஏலத்துக்கு வந்தன. சக்கர்பேர்க்கை மட்டும் திட்டுவதில் பயனில்லை என்பதே நம் கருத்து. அவர் சட்டத்தை மீறவில்லை. அதுதான் சிக்கலே!

வரிச்சுமையும் உரித்து வழக்கும் தனித்தனியானவை அல்ல. ஒரு காணியின் வரியை எவர் தொடர்ந்து கட்டிவந்தார் என்பது உரித்து வழக்கில் முன்வைக்கப்படும் சான்றுகளில் ஒன்று. பங்காளிகள் வரி கட்ட இயலாமல் விட்டுவிட, அயலில் உள்ள பெரிய உடைமையாளர் அதைக் கட்டிவிட்டு, பின்னாளில் அதையே தம் உரிமைக்கு ஆதாரமாகக் காட்டலாம். நிலுவை ஏறினால் கவுண்டியே ஏலம் விடலாம். எனவே 300 டொலர் வரி என்பது வெறும் பணச்சலுகையன்று. காணியை வைத்துக்கொள்வதா இழப்பதா என்பதைத் தீர்மானிக்கும் முதல் அரண் அது.

எதிர்வாதங்களையும் பார்த்துவிடுவோம்.

"வரி என்றால் எல்லார்க்கும் ஒன்றுதானே? இனம் பார்த்துச் சலுகை கொடுப்பது அமெரிக்க அரசியலமைப்புக்கு முரணல்லவா?" என்பது ஒன்று. 2000ஆம் ஆண்டில் ரைஸ் எதிர் கயெட்டானோ வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஹவாய் அலுவல்கள் பணியகத் தேர்தலில் பூர்வகுடிகள் மட்டும் வாக்களிக்கும் விதியைச் செல்லாதென்று தீர்த்தது முதல் இவ்வாதம் எங்கும் ஒலிக்கிறது. ஹவாய்க் குடியிருப்பு நிலக் குத்தகையாளருக்குரிய சொத்து வரி விலக்கை எதிர்த்தும் வழக்கு வந்தது. வழக்காடுவோருக்கு அதற்கான தகுதிநிலை இல்லை என்று 2011இல் ஹவாய் உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. ஆனால் குலெயானாச் சலுகை இனத்தைக் கேட்பதே இல்லை. இன்ன காணியின் இன்ன உரித்தாளருடைய வழித்தோன்றலா என்று மட்டுமே கேட்கிறது. அவர் குருதியில் சீனர், போர்த்துக்கீசர், யப்பானியர் எவர் கலந்திருந்தாலும் படிவத்துக்குக் கவலையில்லை. சொந்த வீட்டில் குடியிருப்போருக்கும் முதியோருக்கும் வழிபாட்டிடங்களுக்கும் வரிக்கழிவு கொடுக்கும் கவுண்டி, பாட்டன் மண்ணில் வாழ்வோருக்குக் கொடுத்தால் மட்டும் சமத்துவம் சாய்ந்துவிடுமா?

"வரி கட்ட இயலாவிட்டால் விற்றுவிட்டுச் செல்வந்தராகலாமே" என்பது மற்றொன்று. இதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். அதனாலேயே இது அதிகம் எரிச்சலூட்டுகிறது. சந்தைப்பெறுமதி என்பது வெளியேறுபவருக்குக் கிடைக்கும் விலை. வெளியேற மறுப்பவருக்கு அது வெறும் எண். வெளியேறினால் கிடைக்கக்கூடிய பணத்தின்மீது, வெளியேறாதவரிடம் வரி கேட்பது அவரை வெளியேறச் சொல்வதன்றி வேறென்ன?

இது ஹவாயின் தனித்துயரமும் அன்று. சோர்சியா மாநிலக் கரையோரத்தில் சப்பெலோ என்றொரு தீவு உண்டு. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கர்களின் வழித்தோன்றல்களான கல்லா கீச்சி மக்கள் அங்கே ஹொக் ஹம்மொக் என்ற ஒரே குடியிருப்பில் எஞ்சியிருக்கின்றனர். தீவின் மிகப்பெரும் பகுதி மாநில அரசுடையது. 2012இல் வெளியாரின் விடுமுறை வீடுகளால் ஏறிய விலையைக் கொண்டு மறுமதிப்பீடு செய்யப்பட்டபோது, சில குடும்பங்களின் வரி பன்மடங்காயிற்று. 2023இலோ கவுண்டி அரசு வீட்டின் அளவெல்லையை 1,400 சதுர அடியிலிருந்து 3,000 சதுர அடியாக உயர்த்தியது. பெரிய வீடு வந்தால் பெரிய விலை. பெரிய விலை வந்தால் பெரிய வரி.

மாறாக, மெயின் மாநிலம் வேறொரு வழி கண்டது. 2005இல் அம்மாநில மக்கள் வாக்களித்து அரசியலமைப்பைத் திருத்தினர். மீன்பிடித் தொழிலுக்குப் பயன்படும் கரையோர நிலத்தை, விற்றால் எவ்வளவு என்று பாராமல், இப்போதைய பயன்பாட்டின்படி மதிப்பிட வழிசெய்தனர். நிலத்தின் பாதிக்கு மேற்பட்ட பயன்பாடு வணிக மீன்பிடிக்கு உரியதாக இருக்கவேண்டும். அங்கும் விண்ணப்பம் உண்டு. ஏப்பிரல் முதல் நாளுக்குள் கொடுக்கவேண்டும். தகுதி மாறி வெளியேறினால் தண்டப்பணமும் உண்டு. ஆயினும் அங்கே படிவம் கேட்பது "நீ என்ன செய்கிறாய்?" என்பதை. ஹவாயில் கேட்பது "நீ யார் மகன்?" என்பதை. முன்னதற்குப் படகும் வலையும் சான்று. பின்னதற்கு நூற்றெழுபது ஆண்டுக் காகிதம் சான்று. வலை வைத்திருக்கும் மெயின் மீனவரிடம் ஏழு தலைமுறைக் காகிதம் கேட்டிருந்தால் எத்தனை பேர் தேறியிருப்பார்கள்?

அவ்வாறெனில் ஹவாயிலும் வழித்தோன்றலைக் கேளாமல் விட்டுவிடலாமா என்றால், அதுவும் கூடாது. அப்படிச் செய்தால் குலெயானாத் துண்டை வாங்கிய எந்தச் செல்வரும் நான்கு சேம்பை நட்டுவிட்டு 300 டொலர் வரியோடு தப்பிவிடுவார். கேட்க வேண்டியதுதான், ஆனால் நிறுவும் சுமையை யார் தலையில் வைப்பது என்பதே வினா. எந்தக் காணி குலெயானாக் காணி என்பது அரசுக்குத் தெரியும். நில ஆணைக்குழுவின் உரித்து எண்கள் வரிப்படங்களிலும் அளவை ஆவணங்களிலும் உள்ளன. ஹவாய் அலுவல்கள் பணியகமே அந்த உரித்துகளை இணையத்தில் தேடிப்பார்க்கக் கூடிய தரவுத்தளத்தை நடத்துகிறது. காணி தெரிந்திருக்கையில், அக்காணியின் வரிக்கடிதத்திலேயே "இது குலெயானா நிலம்; நீங்கள் வழித்தோன்றலாயின் இச்சலுகைக்கு உரியவர்; இன்ன அலுவலகம் உங்கள் வழிமுறையை இலவசமாகத் தேடித் தரும்" என்று நான்கு வரி அச்சிடுவதற்கு எவ்வளவு செலவாகும்? உயர்ந்த வரியைத் தெரிவிக்கத் தவறாமல் வரும் கடிதம், குறைந்த வரியைத் தெரிவிக்க மட்டும் ஏன் வாய்மூடி இருக்கிறது? விண்ணப்பம் பரிசீலனையில் உள்ள காலம் முழுவதும் ஏலமும் தண்டமும் நிறுத்திவைக்கப்பட வேண்டும். ஹானாய்ப் பிள்ளைகளுக்குக் குடும்பத்தாரின் சத்தியக்கடதாசி சான்றாக ஏற்கப்பட வேண்டும். உரித்து வழக்குத் தொடுப்பவர், நாளேட்டு அறிவித்தலோடு நின்றுவிடாமல், தம் செலவில் வழிமுறை ஆய்வாளரை அமர்த்திப் பங்காளிகளைத் தேடவேண்டும்.

இதில் நமக்கென்ன என்று கேட்கும் வாசகர்க்கு ஒன்று கூறவேண்டும். கவாய்த் தீவு நமக்கு அயலூர் அன்று. யாழ்ப்பாணத்து யோகர் சுவாமிகளிடம் தீட்சை பெற்ற சிவாய சுப்பிரமுனியசுவாமிகள் 1970இல் நிறுவிய ஆதீனம் அங்கே வைலுவா ஆற்றங்கரையில் இருக்கிறது. கணபதி ஸ்தபதியார் வடிவமைத்த கருங்கல் இறைவன் கோயிலுக்கு 2023 மார்ச்சில் குடமுழுக்கு நடந்தபோது உலகெங்குமிருந்தும் தமிழர் சென்றனர், இன்றும் செல்கின்றனர். கோயிலை வணங்கிவிட்டு வடகரைக்குக் காரில் போய்க் கடலைப் படமெடுக்கிறோம். அந்தக் கடலுக்கும் சாலைக்கும் நடுவே கிடக்கும் சிறு சேம்புக் கழனி எவருடையது என்று கேட்டிருக்கிறோமா?

நம்மவரிற் சிலர் அங்கே விடுமுறை வீடு வாங்கவும் தொடங்கிவிட்டனர். வாங்குவது குற்றமன்று. ஆனால் வாங்குமுன் உரித்து அறிக்கையில் நில ஆணைக்குழு உரித்து எண் உள்ளதா என்று பாருங்கள். "பிரிக்கப்படாத பங்கு" என்ற சொல் கண்ணிற் பட்டால், அதைக் குறைந்த விலைக்குக் கிடைத்த வாய்ப்பாக எண்ணாமல், கையொப்பமிடாது திரும்புங்கள். அந்தச் சொல்லின் பின்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று நம்மைவிட நன்கறிந்தவர் எவர்?

கலிபோர்னியாவிலும் நெவாடாவிலும் வாழும் தமிழர்கள் தம் அயலில், பணியிடத்தில், பிள்ளைகளின் பள்ளியில் ஹவாய்க் குடும்பங்களைச் சந்திக்கிறார்கள். "உங்கள் பாட்டியின் ஊர் எது, அங்கே காணி ஏதும் உண்டா?" என்று கேட்பது நமக்கு இயல்பாக வரும் கேள்விதான், முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுவோம். அதோடு ஹவாய் அலுவல்கள் பணியகத்தின் தரவுத்தளத்தையும் காட்டிவிடுங்கள். ஹொனலூலுவுக்கான படிவம் செப்டெம்பர் 30க்குள் போய்ச் சேரவேண்டும். மற்றக் கவுண்டிகளின் கடைசி நாளை அவ்வக் கவுண்டியின் சொத்து வரி அலுவலகத்தில் கேட்டறியலாம். வழிமுறைச் சான்றுகளைத் திரட்டப் பல மாதங்கள் ஆகும். ஆகையால் தேடலை இப்போதே தொடங்கச் சொல்லுங்கள்.